குனிந்த முதுகுகளின் வரலாறு: செண்டாயான் தோட்டப்புறத்தில் இடுப்புவலியும் வைத்தியமும்

பள்ளி விடுமுறை வந்ததும் எழுதலாம் என்று பல நாளாக ஒதுக்கி வைத்திருந்த செய்தி இது.

சில மாதங்களுக்கு முன்னர் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு, 'என் பாட்டி செய்த வேலை' என்னும் தலைப்பில் ஒரு சிறு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தேன். பால்மரம் வெட்டினார், செம்பனைப் பழம் பொறுக்கினார், மருந்து அடித்தார், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டார் என்று பலவாறாக எழுதி வந்தனர். படித்துக்கொண்டே போனபோது ஒன்றைக் கவனித்தேன். வேலை எதுவாக இருந்தாலும், கட்டுரையின் முடிவுக்கு வரும்போது பாட்டிக்கு இடுப்பு வலி வந்துவிடுகிறது! "இப்பொழுது பாட்டியால் குனிய முடியாது" என்றோ, "பாட்டிக்குக் கால் மரத்துப் போகிறது" என்றோ ஒரு வரி தவறாமல் இருந்தது. ஒரு மாணவன் மட்டும், "சனிக்கிழமை பாட்டியை நெட்டி முறிக்கும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவோம்" என்று எழுதியிருந்தான். யாரைச் சொல்கிறான் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பின்னர்தான் தெரிந்தது, அவன் குறிப்பிட்டது கைரோபிராக்டிக் நிபுணரை. அந்தத் துறைக்கு இதைவிட நல்ல தமிழ்ப்பெயரை நான் இதுவரை கேட்டதில்லை.

அந்தக் கட்டுரைகளைத் திருத்தி முடித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. நம் தோட்டப்புற வரலாற்றை எழுதியவர்கள் கப்பலைப் பற்றி எழுதினார்கள். கங்காணியைப் பற்றி எழுதினார்கள். மலேரியாவைப் பற்றியும் கள்ளுக்கடையைப் பற்றியும் எழுதினார்கள். வீட்டுக்கு வீடு இருந்த இந்த இடுப்புவலி ஏன் எந்த ஏட்டிலும் தலைப்பாக வரவில்லை?

செண்டாயானை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். சிரம்பானுக்குத் தென்மேற்கே, மம்பாவ், ரந்தாவ், சிலியாவ் ஆகிய ஊர்களை அக்கம்பக்கமாகக் கொண்ட பகுதி இது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இரயில்பாதை 1891ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அதற்கும் முன்னர், 1880களில், ரந்தாவ் அருகே லின்சும் பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் காப்பி பயிரிட்டனர். காப்பி விலை சரிந்த பின்னர் அதே நிலத்தில் இரப்பர் வந்தது. 1960களிலிருந்து இரப்பர் படிப்படியாக விலகிச் செம்பனை வந்தது. இன்று செம்பனையும் விலகி, பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் புதுநகர் எழுந்துள்ளது. ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்ட நிலம் அடுக்கு வீடுகளாகவும் தொழிற்பேட்டையாகவும் கடைவரிசைகளாகவும் மாறிவிட்டது. விமானப்படை வளாகமும் அப்பக்கம் வந்துவிட்டது. முன்பு பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட்ட பகுதியில் இன்று முதுகெலும்பு சரிசெய்யும் நிலையத்தின் விளம்பரப் பலகையைப் பார்க்கிறோம். ஓரிடத்தின் மண் மூன்று பயிர்களைக் கண்டு நகரமான கதை இது. மண்மேல் பயிர் மாறியது. குனிந்தவர்கள் மட்டும் மாறவில்லை.

எப்படிக் குனிந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாணவர்களில் பெரும்பாலோர் பால்வெட்டும் கத்தியைக் கண்ணாலும் கண்டதில்லை. பால்மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் சீவக்கூடாது. ஆழம் கூடிவிட்டால் மரத்தில் காயம் பட்டுவிடும், தண்டல் கண்டுபிடித்துவிடுவார். புதுமரத்தில் வெட்டு இடுப்புயரத்திலோ நெஞ்சுயரத்திலோ தொடங்கும். நாளாக நாளாகப் பட்டை குறைந்து, வெட்டு கீழே இறங்கிக்கொண்டே வரும். மரத்தின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டால் வெட்டுபவர் உடம்பை இரண்டாக மடித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். அடிப்பட்டை தீர்ந்தபின் தலைக்குமேல் வெட்டு. அப்போது கழுத்தும் தோளும் வலிக்கும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு நானூறு முதல் அறுநூறு மரம் வரை கணக்கு. ஐந்நூறு மரம் என்றே வைத்துக்கொள்வோம். வெட்டுவதற்கு ஒரு முறை, பிறகு கோப்பையில் சேர்ந்த பாலை எடுப்பதற்கு ஒரு முறை எனக் குனிந்தால், ஒரு காலைப்பொழுதில் ஆயிரம் முறை. மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை என்றால் இருபத்தையாயிரம் முறை. முப்பது ஆண்டு வேலை செய்த ஒருவருக்கு எவ்வளவு என்று மாணவர்களைப் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். தொண்ணூறு இலட்சம்! ஒரு மாணவி விடையை எழுதிவிட்டு, "சார், சுழியம் கூடிப்போச்சா?" என்று கேட்டாள். கூடவில்லை என்றேன்.

இதற்குமேல் சுமை. நான்கு கேலன் பிடிக்கும் வாளி இரண்டு நிறைந்தால் ஏறத்தாழ 36 கிலோ. காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் அவற்றைத் தொங்கவிட்டுத் தோளில் வைத்து, மேடுபள்ளமான பாதையில் ஸ்டோர் வரை நடக்க வேண்டும். பால் சிந்தினால் கூலியும் சிந்திவிடும் என்பதால் உடம்பை அசைக்காமல் நடப்பார்கள். செம்பனை வந்தபின் வேலை எளிதாகவில்லை. ஒரு குலை பத்துக் கிலோ முதல் இருபத்தைந்து கிலோ வரை கனக்கும். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து பார்த்து அறுக்க வேண்டும். விழுந்ததைத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். சிதறிய உதிரிப்பழத்தைப் பொறுக்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை. அதுவும் குனிந்தே செய்வது. களைக்கொல்லி அடித்த பெண்கள் நீர் நிறைந்த பம்பை முதுகில் சுமந்தார்கள். அந்த மருந்தின் நஞ்சைப் பற்றித் தெனாகானித்தா அமைப்பு 2002ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை நாட்டில் பேசப்பட்டது. பாராகுவாட் மருந்துக்கு 2020இல் தடையும் வந்தது. பம்பின் கனத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசியதாக நினைவில்லை.

இனி, மருத்துவ ஏடுகள் ஏன் பேசாமல் இருந்தன என்பதைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களில் மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டனர். மலேரியா, கொக்கிப்புழுவால் வந்த இரத்தசோகை, வயிற்றுப்போக்கு ஆகியவை காரணம். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பை வற்றச் செய்து கொசுவை ஒழித்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். 1911ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் உடல்நலப் பாதுகாப்புக்கென்றே தனிச்சட்டம் வந்தது. தோட்ட மருத்துவமனைகள் எழுந்தன. இவை பெரும் பணிகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால், அந்த மருத்துவ முறையின் கணக்கு எதுவென்று கவனிக்க வேண்டும். எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் படுக்கையில் இருந்தார்கள் என்பதே கணக்கு. இடுப்புவலி ஆளைக் கொல்வதில்லை, படுக்கையிலும் போடுவதில்லை. வலியோடு அவர் மறுநாளும் பெரட்டுக்கு வந்துவிடுவார். வராவிட்டால் அன்றைய கூலி கிடையாது. ஆகவே வலி ஏட்டில் ஏறவில்லை.

தோட்டத்து டிரசரை நம் மூத்தோர் மறக்கமாட்டார்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற 'தோட்ட மருத்துவமனை உதவியாளர்' என்பது அவருடைய அலுவல் பெயர். காயத்துக்கு மருந்து கட்டுவார். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பார். பிரசவச் சிக்கல் என்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். இடுப்புவலி என்று போனால் தைலமும் நாலு வெள்ளை மாத்திரையும் கிடைக்கும். அவருக்கு இன்னொரு கடமையும் இருந்தது. வந்தவர் உண்மையான நோயாளியா, வேலைக்கு மட்டம் போட வந்தவரா என்று முடிவு செய்து சீட்டுக் கொடுக்க வேண்டும். காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. காயத்துக்கு இரத்தம் சாட்சி. இடுப்புவலிக்குச் சாட்சி யார்? நல்ல மனம் படைத்த டிரசர்களும் இருந்தனர், எனினும், "நடந்துதானே வந்தாய்?" என்னும் கேள்வியைக் கேட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

ஆகவே இடுப்புவலி லயத்துக்குள்ளேயே வைத்தியம் பெற்றது. ஒவ்வொரு தோட்டத்திலும் உருவி விடுவதற்கு ஒருவர் இருப்பார். பெரும்பாலும் வயதான பெண்மணி. நல்லெண்ணெயிலோ வேப்பெண்ணெயிலோ கற்பூரம் கரைத்துச் சுட வைப்பார். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பார். சுளுக்கு என்றால் உலக்கையை உருட்டுவதும் உண்டு. பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார மக்சிக்கிடம் போய் 'உருட்' பிடித்துக்கொண்டு வருவோரும் இருந்தனர். சீனர் கடையில் வாங்கிய கோடாலித் தைலமோ புலி மார்க் தைலமோ இல்லாத வீடில்லை. இன நல்லிணக்கத்தைப் பற்றிப் பாடநூலில் பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுக்கிறோம்; தோட்டத்து இடுப்புவலி அதை எவரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றிருந்தது.

சுவையான வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தலை முந்தாமல் கால் முந்திப் பிறந்தவர் முதுகில் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்னும் நம்பிக்கை தமிழகத்திலிருந்து கப்பலேறி இங்கும் வந்தது. கால் முந்திப் பிறந்த பிள்ளையை அழைத்துவரச் சொல்லி, குப்புறப் படுத்துக்கொண்டு மிதிக்கச் சொல்வார்கள். மூடநம்பிக்கை என்று சிரித்துவிடலாம். ஆனால் வால்டர் கிரெகர் என்பவர் வடகிழக்கு ஸ்காட்லாந்தின் நாட்டார் வழக்குகளைப் பற்றி 1881இல் வெளியிட்ட நூலில் இதே நம்பிக்கை பதிவாகியிருக்கிறது! கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு நீங்கும் என்று அங்கேயும் நம்பினர். கடல்களுக்கு அப்பால் உள்ள இரு மக்களுக்கு ஒரே எண்ணம் எப்படி வந்தது என்று ஆராய்வது என் அறிவுக்கு அப்பாற்பட்டது. கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலிலும், நோயாளியைப் பலகையில் இழுத்துக் கட்டி, முதுகை அழுத்தும்போது காலையும் பயன்படுத்தும் முறை கூறப்படுகிறது. முதுகை அழுத்தினால் சுகம் என்பதை மனிதன் எங்கும் தானே கண்டுகொண்டான் போலும்.

நம் மரபில் இதற்கு முறையான மருத்துவமும் இருந்தது. சித்த மருத்துவம் இத்தகைய வலிகளை வாத நோய்களின் வகையில் வைத்தது. ஆயுர்வேதம் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியைத் தனியாகப் பிரித்து, 'கிருத்ரசி' என்று பெயரிட்டது. நோயாளி கழுகைப்போல் காலை இழுத்து நடப்பதால் வந்த பெயர். கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் தொடுவர்மம் 96, படுவர்மம் 12 என 108 இடங்களைக் கணக்கிட்டனர். இவ்வறிவு முழுமையாகத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. ஆள்கட்டும் கங்காணி வலுவான கைகால்களைத் தேடினான். வர்ம ஆசானைத் தேடவில்லை. வந்தது எண்ணெயும் கைப்பக்குவமும்தான்.

இப்போது நெட்டி முறிக்கும் டாக்டரிடம் வருவோம். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் மலாயாவின் முதல் வணிக இரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்னர், 1895 செப்டம்பர் 18ஆம் நாள், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர், கட்டடத் துப்புரவாளர் ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பில் ஒரு தட்டுத் தட்டியதாகவும் அவருக்கு இழந்த செவிப்புலன் திரும்பியதாகவும் கூறினார். கைரோபிராக்டிக் துறை அந்த நாளைத் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பால்மர் முறையான மருத்துவர் அல்லர். மளிகைக்கடை வைத்திருந்தவர், தேனீ வளர்த்தவர், காந்த சிகிச்சை செய்தவர். கையால் செய்வது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயரிட்டு, 1897இல் பள்ளியும் தொடங்கினார். முதுகெலும்பு இடம் பிசகி நரம்பின் ஓட்டத்தைத் தடுப்பதே ஏறக்குறைய எல்லா நோய்க்கும் மூலம் என்று அவர் சொன்னார். உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாக 1906இல் சிறைக்கும் சென்றார். அமெரிக்க மருத்துவர் சங்கம் இத்துறையை நீண்டகாலம் ஒதுக்கி வைத்தது. 1976இல் தொடுத்த வழக்கில் 1987இல் நீதிமன்றம் அச்சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எல்லா நோய்க்கும் முதுகெலும்பே மூலம் என்னும் பால்மரின் கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. நெட்டி முறியும்போது கேட்கும் ஓசை எலும்பு இடத்தில் போய் அமரும் ஓசையும் அன்று. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015இல் விரல் மூட்டை நெட்டி முறிக்கும்போது ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தனர். மூட்டு நீரில் திடீரெனக் குமிழிபோல் வெற்றிடம் உண்டாவதே ஓசைக்குக் காரணம் என்றனர். ஆயினும் இடுப்புவலியைப் பொறுத்தவரை அக்கைமுறையை முற்றிலும் தள்ளிவிடவும் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், இடுப்புவலிக்கு முதலில் மருந்தில்லா முறைகளை நாடலாம் என்று கூறி, ஒற்றடம், உருவுதல், உடற்பயிற்சி முதலியவற்றோடு இதையும் சேர்த்தது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டும் கைமுறைச் சிகிச்சையை ஏற்கலாம் என்றது. நாட்பட்ட இடுப்புவலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தந்த வழிகாட்டியிலும் சில நிபந்தனைகளோடு இடமுண்டு. சுருங்கச் சொன்னால், ஓரளவு உதவும், அற்புதம் செய்யாது. நம் கிழவியின் சுடுஎண்ணெய்க்கும் அறிவியலில் ஏறத்தாழ இதே மதிப்பெண்தான் கிடைத்திருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்குச் சற்று மகிழ்ச்சி!

காலுக்கு இறங்கும் வலி, அதாவது சயாட்டிகா, தனிக் கதை. இடுப்பிலிருந்து பாதம் வரை செல்லும் நரம்பே உடம்பில் தடித்த நரம்பு. இவ்வலி இடுப்பு மூட்டில் அன்று, நரம்பில் எழுவது என்பதை நேப்பிள்ஸ் நகரத்து தொமெனிகோ கொத்துன்யோ 1764இல் எழுதினார். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதே பெரும்பாலும் காரணம் என்பது 1934இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே பரவலாகத் தெரிந்தது. 1960களில் சுவீடனைச் சேர்ந்த நாக்கெம்சன், வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்பதைவிட முன்குனிந்தால் அழுத்தம் ஒன்றரை மடங்காகிறது. கையில் சுமையோடு குனிந்தால் இரு மடங்கையும் தாண்டுகிறது. அந்த அளவுகளை வாசித்தபோது எனக்குச் சுவீடன் நினைவுக்கு வரவில்லை. அடிவெட்டு மரமும் பால்வாளியும்தான் வந்தன.

ஒரு தடையையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து 1990களில் நடந்த ஆய்வுகளில், வட்டுத் தேய்மானத்துக்குக் கடின உழைப்பைவிடப் பரம்பரையே பெரிய காரணமாகத் தெரியவந்தது. ஆகவே, ஒருவருடைய இடுப்புவலியைக் காட்டி, இது பால்மரம் தந்ததே என்று அறுதியிட்டுக் கூற முடியாது. அறிவியலின் இந்த அடக்கம் போற்றத்தக்கது. ஆனால், அது தொழிலாளியின் கோரிக்கைக்கு எதிராகத் திரும்பக்கூடியது என்பதையும் மறக்கக்கூடாது. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சொக்சோவும் நம் மக்களுக்குப் பெரும் பேறு. கை துண்டிக்கப்பட்டால், மரம் சாய்ந்து அடிபட்டால், இழப்பீடு கேட்க வழியுண்டு. விபத்துக்கு நாளும் நேரமும் இருக்கின்றன. தொண்ணூறு இலட்சம் முறை குனிந்ததற்கு எந்த நாளைக் குறிப்பது? எந்த மணியை எழுதுவது? கூலிக்கும் வீட்டுக்கும் மாதச் சம்பளத்துக்கும் போராடிய தொழிற்சங்கங்களுக்குக்கூட இடுப்பு ஒரு கோரிக்கையாகத் தோன்றியதாகத் தெரியவில்லை. வேலையிடத்தில் உடல் தோரணையால் வரும் ஆபத்தை மதிப்பிடுவதற்கான அரசாங்க வழிகாட்டி 2017இல்தான் வந்தது. அதற்குள் செண்டாயான் பக்கத்துப் பால்மரங்கள் அடுப்புக்குப் போய்ப் பல காலமாகிவிட்டது.

என் தாயாரைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க இயலாது. பதினான்கு வயதில் கத்தி பிடித்தவர். 1987ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு நாள் காண்டாவோடு பள்ளத்தில் இறங்கும்போது இடுப்பில் 'சுளீர்' என்றது. வலி இடது காலில் ஈட்டியைப்போல் இறங்கியது. "இடுப்பு புடிச்சிக்கிச்சிடா" என்று சொல்லிக்கொண்டே மூன்று நாள் வேலைக்குப் போனார். பிறகு முடியவில்லை. பக்கத்து லயத்துப் பாட்டி வந்து உருவினார், சற்றுத் தணிந்தது. மறுவாரம் அம்மாவின் சப்பாத்து இடது காலிலிருந்து தானே கழன்று விழத் தொடங்கியது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. நடக்கும்போது தரையில் 'சப்பு சப்பு' என்று அடித்தது. அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். ஆம், பிள்ளைகள் நாங்கள் சிரித்தோம். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். உருவினால் சரியாகும் என்று ஒரு மாதத்துக்கு மேல் எண்ணெய் தேய்த்தோம். பெரிய மருத்துவமனைக்குப் போனபோது, நரம்பு நெடுநாள் நசுங்கிவிட்டது, இன்னும் முன்னதாக வந்திருக்க வேண்டும் என்றனர். அறுவை சிகிச்சைக்குப் பின் வலி போனது. பாதம் பழைய நிலைக்கு வரவேயில்லை. அந்தக் காலோடு மேலும் சில ஆண்டுகள் மரம் வெட்டினார்.

எண்ணெய் தேய்த்த பாட்டிமேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவருக்குத் தெரிந்ததை அன்போடு செய்தார், காசும் வாங்கவில்லை. எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க அன்று எவரும் இல்லை. ஆகவே பெற்றோர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். இடுப்புவலியோடு பாதமோ காலோ வலுவிழந்தால், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், அல்லது சிறுநீர் கழியாமல் நின்றுவிட்டால், தொடைகளுக்கு நடுவே உட்காரும் இடம் மரத்துப்போனால், அது உருவும் நேரம் அன்று. நெட்டி முறிக்கும் நேரமும் அன்று. அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, விழுந்தபின் வரும் வலி, புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி ஆகியவற்றுக்கும் முதலில் மருத்துவரே. எலும்பு தேய்ந்து மெலிந்த மூதாட்டிகளின் முதுகில் பலமாக அழுத்துவது ஆபத்து. கழுத்தைத் திருகுவதால் மிக அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமும் வந்ததுண்டு. இவை எதுவும் இல்லாத சாதாரண சயாட்டிகா பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே தணியும். படுக்கையிலேயே கிடப்பதைவிட இயன்ற அளவு நடமாடுவது நல்லது என்பது இன்றைய மருத்துவத்தின் கருத்து.

இன்று நம் நாட்டில் கைரோபிராக்டிக் மறைவான தொழில் அன்று. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தில் (சட்டம் 775) மலாய், சீன, இந்திய மரபு மருத்துவங்களோடு இதுவும் ஏற்கப்பட்ட துறைகளுள் ஒன்று. முன்னர் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம் எனப்பட்ட, கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யு. பல்கலைக்கழகம் 2010 முதல் இதற்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல். ஆகையால், போகிறவர்கள் சிகிச்சை தருபவர் முறையாகப் படித்தவரா, பதிவு பெற்றவரா என்று கேட்டுப் போகலாம். முதல் நாளிலேயே பல மாதத்துக்கான சந்திப்புகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால், கட்டுமுன் வீட்டில் கலந்து பேசுவது நல்லது. காதுவலி, ஆஸ்துமா, பிள்ளையின் படிப்புக் குறை எல்லாம் முதுகெலும்பால் சரியாகும் என்று யாரேனும் கூறினால், 1895ஆம் ஆண்டு இன்னும் முடியவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

செம்பனை எஞ்சியிருக்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இன்று குலை அறுப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்களுடைய இடுப்பு எங்கே எழுதப்படுகிறதோ!

2019ஆம் ஆண்டில் தாயாரை அழைத்துக்கொண்டு செண்டாயான் கடைவரிசையில் இருக்கும் ஒரு நிலையத்துக்குப் போனேன். தம்பி மனைவி சொல்லி, அம்மாவும் ஆசைப்பட்டதால் போனோம். வரவேற்பில் இருந்த இளம்பெண் ஒரு படிவத்தைக் கொடுத்தார். வயது, உயரம், எடை, முன்பு செய்த அறுவை சிகிச்சை எனப் பல கேள்விகள். 'தொழில்' என்னும் கட்டத்துக்கு வந்ததும், "வீட்டுல இருக்கேன்னு போடுப்பா" என்றார் அம்மா. நான் எழுதிவிட்டேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'பால்மரம் வெட்டுநர், 36 ஆண்டு' என்று எழுதினேன். உள்ளேயிருந்த இளைஞர் படிவத்தைப் பார்த்துவிட்டு, தடவிப் பார்ப்பதற்கு முன்பாக, பால்மரம் எப்படி வெட்டுவார்கள் என்று கேட்டார். அம்மா நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, வலக்கையில் கத்தி பிடித்ததுபோல் வைத்துக்கொண்டு, குனிய முடிந்த அளவுக்குக் குனிந்து காட்டினார்.